ஒரு பொருள் கனிமமா, இல்லையா? சென்னையில் இருந்தபடியே கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

மயிலாப்பூரிலோ பாரிமுனையிலோ ஒரு நாட்டு மருந்துக்கடையில் இந்துப்பு, கற்கண்டு, படிகாரம் மூன்றிலும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். பூஜைப் பொருள் விற்கும் கடையில் ஒரு ஸ்படிக மணியும் வாங்குங்கள். நான்கையும் ஒரு தட்டில் வைத்தால், நான்கும் ஒளி ஊடுருவும் கெட்டியான கட்டிகளாகத்தான் தெரியும். ஆனால் கனிமவியல் கணக்கில் இவற்றில் இரண்டுதான் கனிமம்: இந்துப்பும், அசலாக இருந்தால் ஸ்படிகமும். மற்ற இரண்டும் ஏன் இல்லை? கையில் கிடைக்கும் எந்தப் பொருளையும் இப்படிப் பிரித்துச் சொல்ல என்னென்ன கேள்விகளை, எந்த வரிசையில் கேட்க வேண்டும்? அதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப்போகிறோம்.

எது கனிமம் என்று உலக அளவில் முடிவு செய்வது 1958-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுக் கனிமவியல் சங்கம். 6000-க்கும் மேற்பட்ட கனிமங்களை அது ஏற்றுப் பட்டியலிட்டிருக்கிறது. 1995-இல் அது வெளியிட்ட வரையறை சுருக்கமானது: புவியியல் நிகழ்வுகளால் உருவான, பொதுவாகப் படிக அமைப்பு கொண்ட தனிமம் அல்லது சேர்மம். பள்ளிப் புத்தகங்கள் இதையே ஐந்து நிபந்தனைகளாகப் பிரித்துச் சொல்லும்: இயற்கையில் உருவானது, திடமானது, வரையறுத்த வேதி இயைபு உடையது, ஒழுங்கான அணு அடுக்கு உடையது, உயிரினம் உருவாக்காதது. ஐந்தும் சரிதான். ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதைக் கேட்காமல் விடுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

படி 1: கையில் இருப்பது ஒரே பொருளா, பல பொருள்களின் கூட்டா?

பரங்கிமலைக்குப் போய் அங்கே தெரியும் கரும்பச்சை கலந்த சாம்பல் நிறப் பாறையை உற்றுப் பாருங்கள். அதன் பெயர் சார்னோகைட். கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து ஆராய்ந்தார். அது சென்னைப் பக்கத்துப் பாறை வகை என்று கண்டு, 1893-இல் அதற்குச் சார்னாக்கின் பெயரையே வைத்தார். உலகில் எங்கே இந்தப் பாறை கிடைத்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய மூல இடம் பரங்கிமலை, பல்லாவரம் பகுதிதான். பரங்கிமலையில் அது தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதனால் சுத்தியலோடு போகாதீர்கள். ஒரு கைலென்ஸ் போதும்.

லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்தக் கல் ஒரே சீராக இல்லை என்பது தெரியும். நீலச் சாயல் கொண்ட சாம்பல் நிறத்தில், எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்போடு இருப்பவை குவார்ட்ஸ். தட்டையான முகங்கள் வெளிச்சத்தில் பளிச்சிடுபவை ஃபெல்ட்ஸ்பார். கரும்பழுப்பாகத் தெரிவது ஹைப்பர்ஸ்தீன் என்று அழைக்கப்பட்டு வந்த பைராக்சின். இடையிடையே இரும்புத் தாதுவின் கருப்புத் துகள்கள். இவை ஒவ்வொன்றும் தனித்தனிக் கனிமம். இவை சேர்ந்த சார்னோகைட் பாறை.

ஆக, “இந்தக் கல் கனிமமா?” என்று முழுக் கல்லையும் பற்றிக் கேட்காதீர்கள். ஒரு மணியைக் கண்ணால் தனியாகப் பிரித்து, அந்த மணியைப் பற்றிக் கேளுங்கள். கிரானைட், மணற்கல், பழைய வீட்டுச் சமையல் மேடைகளில் இருக்கும் கடப்பா கல் எல்லாமே பாறைகள்தான். கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகை. அதில் பெரும்பகுதி கால்சைட் என்ற ஒரே கனிமம் என்றாலும், கோடிக்கணக்கான துகள்கள் இறுகிய கூட்டம் என்பதால் அதையும் பாறை என்றே சொல்வார்கள்.

படி 2: இதை உருவாக்கியது இயற்கையா, மனிதனா?

என் கணிப்பில் மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டிய படி இது. ஒரு பொருளின் இயல்பை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதன் வரலாறு தெரிய வேண்டும்.

இதற்குச் சென்னையிலேயே ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. மெரினா எதிரில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம் 1842 வாக்கில் ஐஸ் கட்டிகளைச் சேமிப்பதற்காகக் கட்டப்பட்டது. பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரடெரிக் டியூடர் மாசசூசெட்ஸ் பகுதிக் குளங்களும் ஏரிகளும் குளிர்காலத்தில் உறையும்போது ஐஸைப் பாளம் பாளமாக வெட்டி, மரத்தூள் போட்டுப் பொதிந்து, கப்பலில் இங்கே அனுப்பினார். அந்த ஐஸ் இயற்கையாக உறைந்தது, திடமானது, வாய்பாடு உள்ளது, அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டது. எனவே அது முழுத் தகுதியுள்ள கனிமம். பன்னாட்டுப் பட்டியலில் ஐஸ் இருக்கிறது. உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் உறையும் ஐஸுக்கும் அதே வாய்பாடு, அதே அறுகோண அமைப்பு. ஆனாலும் அது கனிமம் இல்லை. உறைய வைத்தது இயந்திரம். கப்பலில் ஏற்றியதாலும் கிடங்கில் வைத்ததாலும் டியூடரின் ஐஸ் தன் தகுதியை இழக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். உருவானது எப்படி என்பதுதான் கேள்வி. பிறகு எங்கே போனது என்பது கணக்கில் வராது.

இதே அளவுகோலை உப்பில் வைத்துப் பாருங்கள். இந்துப்பு, பழங்காலக் கடல் வற்றிப் படிந்து, மண்ணுக்கடியில் புதைந்து, பின்னர் சுரங்கத்திலிருந்து வெட்டி எடுக்கப்படுவது. அது ஹாலைட் என்ற கனிமம், சந்தேகமே வேண்டாம். கோவளத்துப் பாறைக் குழிகளில் கடல்நீர் தேங்கித் தானாக வற்றினால் படியும் வெள்ளைப் பொருக்கும் ஹாலைட்தான். கேளம்பாக்கம் பக்கத்து உப்பளத்தில் விளையும் உப்பு? அங்கேதான் சிக்கல். வெயிலும் காற்றும் இயற்கையுடையவை. பாத்தி கட்டியதும் நீரைப் பாய்ச்சியதும் மனிதன். மனித வேலை இல்லாமல் அந்த உப்பு அங்கே உருவாகியிருக்காது என்பதால், கண்டிப்பான கணக்கில் அதை இயற்கைக் கனிமம் என்று சொல்லமாட்டேன். அதன் படிக அமைப்பு ஹாலைட்டுடையது என்று மட்டும் சொல்வேன். ஆலையில் சுத்திகரித்துப் பாக்கெட்டில் வரும் அயோடின் உப்புக்கு இந்தத் தயக்கம்கூடத் தேவையில்லை. படிகாரத்துக்கும் இதே கதைதான். இயற்கையிலும் படிகாரம் கிடைக்கிறது. கடையில் பொதுவாகக் கிடைப்பது தொழிற்சாலையில் தயாரித்தது.

இப்போது எம்-சாண்ட். வீடு கட்டும் எல்லோருக்கும் தெரிந்த பெயர். குவாரிப் பாறையை இயந்திரத்தில் உடைத்துச் செய்வது. அப்படியானால் அது செயற்கையா? மணல் என்ற வகையில் செயற்கை. ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் துகளும் பூமிக்குள் உருவானதே. உடைப்பதால் அணுக்களின் அடுக்கு மாறுவதில்லை, புதுப் பொருள் எதுவும் பிறப்பதில்லை. ஆகவே அந்தத் துகள்கள் கனிமங்களே. சிமென்ட் அப்படியில்லை. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சூளையில் சுமார் 1450 டிகிரி செல்சியஸில் சுட்டுப் புதுச் சேர்மங்களாக மாற்றியது அது.

தி. நகர் நகைக்கடைகளிலும் இந்தக் கேள்வி பணத்தோடு வந்து நிற்கிறது. அகஸ்ட் வெர்னுய் என்ற பிரெஞ்சு வேதியியலர் 1902-இல், தீப்பிழம்பில் அலுமினாத் தூளை உருக்கி மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார். அப்படிச் செய்த கல்லின் வேதி இயைபும் கடினத்தன்மையும் இயற்கை மாணிக்கத்தைப் போலவே இருக்கும். ஆய்வகத்தில் வளர்க்கும் வைரமும் அப்படித்தான். அவற்றைப் போலி என்று ஒதுக்குவது தவறு. கனிமம் என்று சொல்வதும் தவறு.

படி 3: திடமா?

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பூமியில் இயற்கையாக நிலவும் வெப்பநிலையில் திடமாக இருக்க வேண்டும். தண்ணீர் கனிமம் இல்லை, ஐஸ் கனிமம். பெட்ரோலியம் இல்லை. பாதரசம் மட்டும் விதிவிலக்கு. சுமார் மைனஸ் 39 டிகிரியில்தான் உறையும் என்றாலும், சாதிலிங்கம் என்ற பாதரசத் தாது உள்ள பாறைகளில் துளித்துளியாக இயற்கையில் கிடைக்கும் அதை வரையறை வருவதற்கு முன்பிருந்தே கனிமமாகக் கருதி வந்ததால் பட்டியலில் வைத்திருக்கிறார்கள்.

படி 4: வாய்பாடு எழுத முடியுமா?

குவார்ட்ஸ் என்றால் ஒரு சிலிக்கனுக்கு இரண்டு ஆக்சிஜன். ஹாலைட் என்றால் ஒரு சோடியத்துக்கு ஒரு குளோரின். இப்படி விகிதத்தைச் சொல்ல முடிய வேண்டும். ஆனால் ‘வரையறுத்த இயைபு’ என்பதை ‘மாறவே மாறாத இயைபு’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குறிப்பிட்ட எல்லைக்குள் மாறலாம்.

பரங்கிமலைப் பாறையின் ஹைப்பர்ஸ்தீனே இதற்குச் சான்று. அதன் அமைப்பில் மெக்னீசியம் இருக்கும் இடத்தில் இரும்பும் உட்காரலாம். இரண்டின் அயனிகளும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே மின்னேற்றம். மெக்னீசியம் மிகுந்தால் என்ஸ்டடைட், இரும்பு மிகுந்தால் ஃபெர்ரோசிலைட். நடுவில் எத்தனை விகிதமும் சாத்தியம். அந்த நடுப்பகுதிக்கு இருந்த ஹைப்பர்ஸ்தீன் என்ற பெயரைத் தனிக் கனிமப் பெயராக வைத்துக்கொள்ளத் தேவையில்லை என்று 1988-இல் சங்கம் நீக்கிவிட்டது. பாறையியலில் பலர் இன்னும் பழைய பெயரையே சொல்கிறார்கள். பழைய நூல்களைப் படிக்கும்போது அதை நினைவில் வையுங்கள்.

இன்னொரு விஷயம், நிறம். நிறத்தை வைத்துக் கனிமத்தைப் பிரிப்பது பெரும்பாலும் ஏமாற்றும். மாணிக்கமும் நீலக்கல்லும் ஒரே கனிமம், குருந்தம். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மம். அதில் துளி குரோமியம் கலந்தால் சிவப்பு மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து கலந்தால் நீலம். புஷ்பராகம் என்ற பெயரில் விற்கப்படும் மஞ்சள் சஃபையரும் குருந்தம்தான். நவரத்தினத்தில் மூன்று ரத்தினங்கள் ஒரே கனிமமாக இருப்பதை நகை செய்பவர்கள் வெவ்வேறு விலையில் விற்கலாம். கனிமவியலுக்கு அவை ஒன்றே.

படி 5: உள்ளே ஒழுங்கு இருக்கிறதா?

ஒரு கனிமத்தைக் கனிமமாக்கும் அடிப்படை இதுதான் என்பேன். வாசலில் புள்ளிக்கோலம் போடும்போது புள்ளிகள் சம இடைவெளியில் வரிசை வரிசையாக நிற்கின்றன அல்லவா? அணுக்கள் அப்படி முப்பரிமாணத்திலும் திரும்பத் திரும்ப ஒரே முறையில் அடுக்கியிருந்தால் அது படிகம். வெளியே அழகான முகங்கள் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மெரினா மணலில் உருண்டு தேய்ந்த குவார்ட்ஸ் துகளும் உள்ளே படிகம்தான்.

ஸ்படிக மாலைக்கு இப்போது வரலாம். அசல் ஸ்படிகம் குவார்ட்ஸ். சந்தையில் அதே பெயரில் கண்ணாடி மாலைகளும் விற்கின்றன. கண்ணாடியிலும் பெரும்பகுதி சிலிக்காதான், ஆனால் உருகிய குழம்பு வேகமாக இறுகியதால் அதன் அணுக்கள் தாறுமாறாக நிற்கின்றன. எனவே கண்ணாடி இரண்டு வகையில் தோற்கிறது: மனிதன் செய்தது, ஒழுங்கு இல்லாதது. எரிமலைக் குழம்பு சட்டென்று ஆறி உண்டாகும் அப்சிடியன் என்ற இயற்கைக் கண்ணாடியும் ஒழுங்கில்லாததால் கனிமம் ஆகாது. ஓபலும் முழுப் படிகம் இல்லை. ஆனாலும் பழைய வழக்கத்தால் பட்டியலில் இடம்பிடித்திருக்கிறது.

ஒழுங்கு மாறினால் கனிமமே மாறிவிடும். பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டும் வைரமும் இரண்டுமே வெறும் கார்பன். ஒன்றில் அணுக்கள் தளர்ந்த தாள்களாக, மற்றதில் நான்கு பக்கமும் இறுகப் பிணைந்து. வாய்பாட்டை மட்டும் பார்த்திருந்தால் இரண்டையும் ஒன்றென்று சொல்லியிருப்போம்.

இந்த அடுக்கைக் கண்ணால் காண முடியாது. 1912-இல் மாக்ஸ் வான் லாவே படிகத்தின் வழியே எக்ஸ்-கதிரைச் செலுத்தி, அது ஒழுங்கான புள்ளிகளாகச் சிதறுவதைக் காட்டிய பிறகே நேரடியாக நிரூபிக்க முடிந்தது. 1950களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன் கொலாஜன் புரதத்தின் மூவிழை அமைப்பைக் கண்டறிந்ததும் எக்ஸ்-கதிர் படிகவியலின் துணையோடுதான். இன்றும் ஒரு கனிமத்தைத் தீர்மானமாக அடையாளம் காண எக்ஸ்-கதிர் சிதறல் சோதனையே முதல் வழி.

படி 6: இதில் உயிரின் பங்கு என்ன?

கற்கண்டு இங்கேதான் வெளியேறுகிறது. அது அழகான படிகம், சுக்ரோஸ் என்ற தெளிவான வாய்பாடு உண்டு. ஆனால் கரும்பு உருவாக்கிய கரிமச் சேர்மம், அதைப் பாகு காய்ச்சிப் படிகமாக்கியது மனிதன்.

நவரத்தினத்தில் முத்தும் பவளமும் இந்தப் படியைத் தாண்டுவதில்லை. முத்தில் இருப்பது பெரும்பாலும் அரகோனைட் என்ற கால்சியம் கார்பனேட், பவளத்தில் கால்சைட். ஆனால் அவற்றைக் கட்டியது சிப்பியும் பவள உயிரியும். பெசன்ட் நகர் கரையில் பொறுக்கும் கிளிஞ்சலும் அதே கணக்கு. அந்தக் கிளிஞ்சல்கள் கடலடியில் புதைந்து, பல லட்சம் ஆண்டுகளில் கரைந்து மீண்டும் படிந்து சுண்ணாம்புக்கல்லாக இறுகினால், அதிலுள்ள கால்சைட் கனிமமாகிவிடும். புவியியல் நிகழ்வு இடையில் வந்துவிட்டதே காரணம். சிறுநீரகக் கல்லில் பரவலாக இருக்கும் கால்சியம் ஆக்சலேட்டும் இப்படித்தான். வெவலைட் என்ற பெயரில் அது பாறைகளில் கிடைத்தால் கனிமம், உடலுக்குள் வளர்ந்தால் இல்லை. வெவலைட் கரிமச் சேர்மமாக இருந்தும் பட்டியலில் இருப்பதைப் பாருங்கள். ‘கரிமம் என்றால் கனிமம் ஆகாது’ என்ற பள்ளிக்கூட விதி பொதுவாகப் பொருந்தும், எப்போதும் அல்ல.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி? தாவரம் மட்கி இறுகிய கலவை, ஒரே வாய்பாடும் இல்லை, படிக ஒழுங்கும் இல்லை. கனிமம் ஆகாது.

வீட்டிலும் கடற்கரையிலும் செய்து பார்க்க

ஆறு படியும் தாண்டிய பொருள் எந்தக் கனிமம் என்பதைச் சில எளிய சோதனைகள் காட்டிக்கொடுக்கும்.

முதலில் காந்தம். மெரினாவிலோ திருவான்மியூரிலோ அலை ஏறி இறங்கும் இடத்தில் கருப்புக் கோடுகளாக மணல் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழுக்கு இல்லை. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65 மட்டுமே. மேக்னடைட் 5.2, இல்மனைட் சுமார் 4.7, கார்னெட் 4-ஐ ஒட்டி. அலை திரும்பும்போது லேசான குவார்ட்ஸை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது, கனமானவை தங்கிவிடுகின்றன. ஒரு காந்தத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி அந்த மணலுக்குள் விடுங்கள். துள்ளி ஒட்டுபவை மேக்னடைட். பையை உருவினால் துகள்கள் சுலபமாக உதிரும். பையில் சுற்றாமல் காந்தத்தை நேரடியாக விட்டால் துடைத்து மாளாது. ஒட்டாமல் மிஞ்சியதில் இளஞ்சிவப்பாகத் தெரிபவை கார்னெட். பார்த்து முடித்ததும் மணலை அங்கேயே கொட்டிவிடுங்கள்.

அடுத்தது கீறல். ஃபிரடெரிக் மோஸ் 1812-இல் வகுத்த கடினத்தன்மை வரிசையில் டால்க் 1, ஜிப்சம் 2, கால்சைட் 3, குவார்ட்ஸ் 7, குருந்தம் 9, வைரம் 10. நகம் சுமார் 2.5, கண்ணாடி சுமார் 5.5. மாக்கல் சட்டி நகத்தாலேயே கீறப்படும், காரணம் அதில் மிகுந்திருக்கும் டால்க். அசல் ஸ்படிகம் கண்ணாடிப் பாட்டிலைக் கீறும், கண்ணாடி மணி சரியாகக் கீறாது. மாலையைச் சேதப்படுத்த மனமில்லையா? கையில் எடுத்ததும் குவார்ட்ஸ் கண்ணாடியைவிடச் சில்லென்று இருக்கும், வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால். லென்ஸில் உருண்டையான காற்றுக் குமிழ்கள் தெரிந்தால் பெரும்பாலும் கண்ணாடிதான்.

மூன்றாவது அமிலம். கோலத்துக்கு வாங்கும் கல் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து வினிகர் விடுங்கள். நுரைத்தால் கால்சைட் போன்ற கார்பனேட். அசையாமல் கிடந்தால் குவார்ட்ஸோ வேறு சிலிகேட்டோ. எலுமிச்சைச் சாறு சிந்திய கடப்பா மேடையில் மங்கலான தடம் விழுவதும் இதே வினைதான். கிரானைட் மேடையில் அப்படி விழாது. கடப்பா கல்லில் சோதிப்பதானால் உடைந்த துண்டில் செய்யுங்கள். தடம் போகாது.

தெரியாத கல்லை நாக்கில் வைத்துப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். சாதிலிங்கம் பாதரசச் சேர்மம் என்பது ஒன்றே போதுமான காரணம்.

சட்டமும் தண்ணீர் கேனும் சொல்வது வேறு

1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தில் நிலக்கரியும் கனிமம், கட்டடக் கல்லும் சாதாரண மணலும் சிறு கனிமங்கள். அங்கே கேள்வி, நிலத்திலிருந்து எடுப்பதற்கு யார் அனுமதி தருவது, யார் கட்டணம் செலுத்துவது என்பது. ஆகவே செய்தித்தாளில் ‘கனிமக் கொள்ளை’ என்று படிக்கும்போது மேலே சொன்ன ஆறு படிகளை அதில் போட்டுப் பார்க்க வேண்டாம்.

மருத்துவர் சொல்லும் தாது உப்புகள் கால்சியம், இரும்பு போன்ற தனிமங்கள். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் கேனை எல்லோரும் மினரல் வாட்டர் என்கிறோம். அந்தக் கேன்களில் பெரும்பாலானவை சுத்திகரித்துப் பாட்டிலில் அடைத்த குடிநீர், தர எண் ஐ.எஸ். 14543. இயற்கை ஊற்றிலிருந்து வரும் மினரல் வாட்டருக்குத் தனித் தரம், ஐ.எஸ். 13428. எதில் கரைந்திருப்பதும் அயனிகளே, கனிமங்கள் அல்ல. தண்ணீர் வற்றினால் பாத்திரத்தில் படியும் வெள்ளைப் படிவத்தில் கால்சைட்டோ அரகோனைட்டோ உருவாகியிருக்கும். அது இயற்கைக் கனிமமா என்பதற்கு இரண்டாம் படி பதில் சொல்லும்.

இவ்வளவும் படித்த பிறகு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் புவியியல் பிரிவுக்கு ஒரு நடை போய்வாருங்கள். 1851-இல் அந்த அருங்காட்சியகம் தொடங்கியதே சென்னை இலக்கியச் சங்கம் தந்த புவியியல் மாதிரிகளோடுதான். வெள்ளிக்கிழமை விடுமுறை. ஒவ்வொரு கல்லின் முன்னும் பெயர்ப்பலகையைப் படிப்பதற்கு முன்பே முதல் படியின் கேள்வியைக் கேளுங்கள்: ஒரே பொருளா, கூட்டா? பதிலை முடிவு செய்துகொண்டு அதன் பிறகு பலகையைப் பாருங்கள். குழந்தைகளை அழைத்துப் போனால் அவர்களை முதலில் சொல்லச் சொல்லுங்கள்.